ரேஞ்சில் கிடக்கும் பித்தளைக் கூடுகள்: பொறுக்குபவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவம் அக்டோபர், நவம்பரில் தொடங்கும். அதற்கு முந்தைய சில வாரங்களில் பொது ரேஞ்சுகளில், அதாவது துப்பாக்கி சுடும் மைதானங்களில், நிற்க இடம் இருக்காது. வருடம் முழுதும் பெட்டகத்தில் கிடந்த துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்க வருபவர்கள், கடையில் வாங்கிய 20 தோட்டாப் பெட்டி ஒன்றைச் சுட்டுவிட்டு, காலிக் கூடுகளை அப்படியே விட்டுப் போவார்கள். காலிக் கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் ரீலோடர்களுக்கு இது அறுவடைக் காலம். .308, .30-06, .270, 6.5 கிரீட்மூர் ரகக் கூடுகள் எல்லாம் காலடியில் கிடக்கும். ஆனால் ஒரு கூட்டை எடுக்குமுன், அது ஏன் அங்கே கிடக்கிறது என்று யோசிக்காதவர்கள்தான் பிறகு கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

முதல் தவறு நேரம். சுடுவது நடக்கும்போது, சுடும் கோட்டுக்கு முன்னால் உருண்ட கூட்டுக்காகக் கையை நீட்டக்கூடாது. ஒரு அடி தூரம் என்றாலும் கூடாது. சுடுவதை நிறுத்தி, எல்லோரும் குறி அட்டை மாற்ற முன்னே போயிருக்கும் நேரம் பொறுக்க வசதியானது என்று தோன்றும். உண்மையில் மிக மோசமான நேரம் அதுதான். அப்போது மேசைமேல் இருக்கும் துப்பாக்கியின் பக்கமே யாரும் போகக்கூடாது என்பது பெரும்பாலான ரேஞ்சுகளின் விதி. பொறுக்கத்தான் குனிந்தீர்கள் என்பது தூரத்தில் குறிப்பலகை அருகே நிற்பவருக்குத் தெரியாது. ரேஞ்ச் அதிகாரியிடம் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தில் எடுங்கள். கீழே விழுந்தது ரேஞ்சுக்கே சொந்தம் என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. பக்கத்து மேசைக்காரர் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தால், தன் கூட்டைத் தானே எடுத்துப்போகிறவரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, காலிக் கூடுகளைப் போட ரேஞ்சில் வைத்திருக்கும் வாளி. கூடுகள் நிறைந்த வாளியைப் பார்த்ததும் அள்ளத் தோன்றும். அதில் விழுந்தவற்றில் ஒரு பங்கு, வேறொரு ரீலோடர் ஐந்தாறு முறை நிரப்பிச் சுட்டுவிட்டு, இனி தாங்காது என்று கழித்துப் போட்டவை. நம்பத் தகுந்தது மேசையடியில், காலிப் பெட்டியோடு சேர்ந்து கிடக்கும் கூடு. ஒரே பெட்டி என்றால் பெரும்பாலும் ஒரே தயாரிப்புத் தொகுதி. பெட்டியையும் அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் சேர்த்தே எடுத்துவையுங்கள். கூட்டின் அடியில், ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் பிரைமர். அதைச் சுற்றி அரக்குப் பூச்சின் வண்ண வளையம் இருந்தால், அது ஆலையிலிருந்து வந்தபின் ஒரே முறை சுடப்பட்டது என்பதற்கு நல்ல அடையாளம். பிரைமர் ஏற்கெனவே கழற்றப்பட்ட கூடு என்றால், அதை முன்பே ஒருவர் கையாண்டிருக்கிறார்.

சுடாத தோட்டாவும் இந்தக் குவியலில் ஒளிந்திருக்கும். பிரைமரில் ஊசியின் தடம் இருந்தும் வெடிக்காத தோட்டாவை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், ரேஞ்சில் அதற்கென வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள். கூடுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்காமல், உருட்டிச் சுத்தம் செய்யும் உருளையில் கொட்டவே கூடாது.

பித்தளை நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். பித்தளை முலாம் பூசிய எஃகுக் கூடு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் கூடு நிக்கல் பூசிய பித்தளையாக இருக்கலாம், அதை அவசரப்பட்டு எறிய வேண்டாம். அடுத்து டார்ச் அடித்துக் கூட்டின் உள்ளே பாருங்கள். அடியின் நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை. இரண்டு சிறு துளைகள் என்றால் பெர்டன் வகை; வழக்கமான பிரைமர் கழற்றும் ஊசி அதில் உடைந்துபோகும்.

அடிப்பக்க முத்திரையைப் படிப்பது அவசியம், ஆனால் அதை மட்டும் நம்பினால் போதாது. .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கி .243 செய்பவர்கள் இருக்கிறார்கள். .223 கூட்டை வெட்டி .300 பிளாக்அவுட் செய்பவர்கள் இன்னும் அதிகம். முத்திரை பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். எனவே வாயின் விட்டத்தையும் நீளத்தையும் கேலிப்பர் என்னும் அளவுக் கருவியால் அளந்துதான் பிரிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத விரிசல். சுடும்போது கூடு நீள்கிறது. அடித்தளத்துக்குச் சற்று மேலே, கால் முதல் அரை அங்குலத்துக்குள், சுவர் மெலிகிறது. வெளியே பளிச்சென்ற வளையம் ஒன்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் சிறு கொக்கியாக வளைத்து, உட்சுவரில் கீழிருந்து மேலாக இழுங்கள். பள்ளத்தில் கொக்கி மாட்டினால் அந்தக் கூடு குப்பைக்குத்தான். அடுத்த முறை சுடும்போது அது அங்கேயே இரண்டாகப் பிரியலாம். அடியில் பட்டை போட்ட மேக்னம் கூடுகளில் இந்தச் சோதனையைத் தவறவே விடக்கூடாது. வாயில் லேசான நெளிவு இருந்தால் பரவாயில்லை, கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை அதைச் சரிசெய்துவிடும். கழுத்தில் வெடிப்பு, இளஞ்சிவப்புத் திட்டு இரண்டும் கழிக்க வேண்டியவை. அந்தத் திட்டு, பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போனதைக் காட்டுகிறது.

வட்டத்துக்குள் சிலுவை முத்திரை இருந்தால் அது நேட்டோ தரத்து ராணுவக் கூடு. அதில் பிரைமரைச் சுற்றி உலோகத்தை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த விளிம்பை நீக்காமல் புதுப் பிரைமரை அழுத்தினால் அது நசுங்கும். 7.62 நேட்டோ கூட்டின் சுவர் பொதுவாகத் தடிமனானது, உள்ளிடம் குறைவு. வேட்டைத் தோட்டாவின் .308 கூட்டுக்கு எடுத்த அளவு மருந்தை அதில் அப்படியே போட்டால் அழுத்தம் ஏறிவிடும். தனியாகப் பிரித்து வையுங்கள்.

கழுவுவதில் நடக்கும் தவறுக்கு இந்திய மண்ணில் ஒரு முன்கதை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்பது 1921-ல் விளக்கப்பட்டது. அமோனியா கலந்த பாத்திர பாலிஷால் கூட்டைப் பளபளப்பாக்குபவர்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் சிறிது எலுமிச்சை உப்பும் கலந்த வெந்நீரே போதும். மண் துகள் போகாமல் டைக்குள் தள்ளினால் டையில் கீறல் விழும், பிறகு ஒவ்வொரு கூட்டிலும் அந்தக் கீறல் பதியும்.

பல பிரைமர்களின் கலவையில் ஈயம் இருக்கிறது. அதன் கரி கூட்டுக்குள்ளும் படிந்திருக்கும். உலர்ந்த உமியோ சோளத்தக்கைத் தூளோ போட்டு உருட்டினால் ஈயத் தூசி பறக்கும், வீட்டுக்குள் வேண்டாம். சமையல் அடுப்பில் காயவைப்பதும் வேண்டாம். கூடு தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள்.

கடைசியாக, வேறொருவர் துப்பாக்கியில் விரிந்த கூட்டுக்குக் கழுத்தை மட்டும் சுருக்கினால் போதாது. முழு நீள டையில், மசகு தடவி, ஒருமுறை இறக்கியாக வேண்டும். மசகு குறைந்தால் கூடு டையிலேயே சிக்கிக்கொள்ளும். பிறகு நீளத்தைப் பாருங்கள்: .308-க்கு உச்ச அளவு 2.015 அங்குலம், .30-06-க்கு 2.494, .270-க்கு 2.540. மீறினால் வெட்ட வேண்டும்.

கழித்த கூடுகளின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள். நசுக்காமல் ரேஞ்ச் வாளியில் போட்டால், அடுத்த வாரம் ஒருவர் ஆசையோடு அள்ளிப்போவார்.