கரோட்டிட் டாப்ளர்: கழுத்துத் தமனி அடைப்பை அளப்பது எப்படி?

கழுத்துத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலியலைகளால் அளக்கும் ஸ்கேன்தான் கரோட்டிட் டாப்ளர்.

படி 1: நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முகத்தை மறுபக்கம் சற்றே திருப்பச் சொல்லுங்கள். தலையணை வேண்டாம். 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள லீனியர் ப்ரோப் (தட்டையான முகப்புள்ள ஸ்கேன் கருவிமுனை) போதும். ஜெல்லைத் தாராளமாகப் பூசுங்கள். அழுத்தத்தில் மட்டும் சிக்கனம். தமனி கிளை பிரியும் இடத்தை அழுத்தினால் நாடித்துடிப்பு சட்டென்று குறையக்கூடும்.

படி 2: ரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் கலர் பொத்தானை இப்போதே தொடாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலேயே காறை எலும்பிலிருந்து தாடைக்கோணம் வரை குறுக்குவாட்டில் நகர்ந்து, கொழுப்புப் படிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு நெடுக்குவாட்டில் திருப்புங்கள்.

படி 3: பொதுக் கரோட்டிட் இரண்டாகப் பிரிகிறது. மூளைக்குப் போவது உட்கரோட்டிட். கழுத்தில் அதற்குக் கிளை கிடையாது. முகத்துக்குப் போகும் வெளிக்கரோட்டிட் கிளை விடும். சந்தேகம் வந்தால் காதுக்கு முன்னால், பொட்டுத் தமனியை விரலால் விட்டுவிட்டுத் தட்டுங்கள். வெளிக்கரோட்டிட்டின் அலைவரைவில் (ரத்த வேகத்தைக் காட்டும் வரைகோட்டில்) அந்தத் தட்டல் சின்னச் சின்னப் பற்களாகத் தெரியும்.

படி 4: இனி கலர். நிறங்கள் கலைந்து பலவண்ணமாகச் சிதறும் இடத்தில்தான் ரத்தம் சீறுகிறது. குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பாய்வதைப் போல. அங்கே, வேகத்தை அளக்கும் அளவுப் புள்ளியை ஓட்டத்தின் நடுவில் வையுங்கள்.

அடுத்து, ஒலியலைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம். புதியவர்களின் அறிக்கைகள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன. கோணக்கோட்டை ரத்த ஓட்டத்துக்கு இணையாகத் திருத்துங்கள். 60 பாகையைத் தாண்டாதீர்கள். 60 இருக்க வேண்டிய இடத்தில் 65 என்று வைத்தால், வேகம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். நொடிக்கு 110 செ.மீ. என்ற வேகம் 130 ஆகிவிடும். இல்லாத அடைப்பு அறிக்கையில் முளைக்கும்.

படி 5: உட்கரோட்டிட்டின் உச்ச வேகத்தைக் குறியுங்கள். 2003-இல் வெளியான அமெரிக்க வல்லுநர்களின் ஒருமித்த அளவுகோலின்படி, நொடிக்கு 125 செ.மீ.க்குக் கீழே என்றால் அடைப்பு 50 சதவீதத்துக்கும் குறைவு. 125 முதல் 230 வரை 50–69. 230-க்கு மேல் 70 சதவீதம் அல்லது அதற்கும் அதிகம். உட்கரோட்டிட்டின் உச்ச வேகத்தைப் பொதுக் கரோட்டிட்டின் உச்ச வேகத்தால் வகுத்துப் பாருங்கள். விகிதம் 4-ஐத் தாண்டினால் கடும் அடைப்பு. இதயம் பலவீனமாக இருப்பவர்களிடம் வேகமே குறைந்திருக்கும். அப்போது விகிதம்தான் கைகொடுக்கும்.

முழு அடைப்பை நெருங்கிய தமனியில் ரத்தம் சொட்டுச் சொட்டாக ஓடுவதால் வேகம் தாழ்வாகக் காட்டலாம். படிவு நிறைந்த தமனியில் எண் சாதாரணமாக வந்தால் கலர் ஸ்கேலை (நிறம் காட்டும் வேக வரம்பை) இறக்கி, மெல்லிய இழையாவது ஓடுகிறதா என்று தேடுங்கள். அப்படியும் எதுவும் தெரியவில்லை என்றால் சாயம் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்க எழுதுங்கள்.