ஜூனிப்பர் மரத்தில் வில் செய்யும் முறை

அமெரிக்காவின் நெவாடா, யூட்டா மாநிலங்களில் மழை குறைந்த மலைச்சரிவுகளில் வளரும் ஜூனிப்பர், அங்குள்ள பையூட், ஷோஷோனி மக்கள் வில்லுக்கு எடுத்த மரங்களுள் ஒன்று. இம்மரம் அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவிசையை அந்த அளவுக்குத் தாங்காது. நாணை இழுக்கும்போது எய்பவரை நோக்கிய வயிற்றுப்பக்கம் அமுங்க, எதிர்ப்புறமான முதுகு நீள முயல்வதால், முறிவு பெரும்பாலும் முதுகில்தான் தொடங்கும். மரத்தேர்வும் செய்முறையும் இந்தக் குணத்தையே சார்ந்தவை.

ஜூனிப்பரில் நேரான இழை கிடைப்பது அரிது என்பதால், தேடுவதில் அவசரம் கூடாது. பட்டையின் கோடுகள் அடிமரத்தைச் சுற்றி ஏறினால், உள்ளே இழையும் முறுகியிருக்கும். அதை விட்டுவிட வேண்டும். கணுவில்லாமல் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளம் கிடைத்தால் போதும். பழைய முறையில் மரத்தை வெட்டிச் சாய்க்கவில்லை. நிற்கும் மரத்தில் மேலும் கீழும் குறுக்கே வெட்டி, இடைப்பட்ட பகுதியை அங்கேயே உலரவிட்டு, பின்னர் இழையோடு பிளந்து எடுத்தார்கள். மரம் தொடர்ந்து வாழ்ந்தது. அதே மரத்தில் மீண்டும் எடுக்கவும் முடிந்தது. இத்தகைய வடுக்களுள்ள மரங்கள் நெவாடாவில் இன்றும் நிற்கின்றன. அவை தொல்லியல் சான்றுகள் என்பதால் அவற்றில் கத்தி படவே கூடாது. வேறு மரத்தை எடுப்பதற்கும் நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும்.

வெட்டிய துண்டின் இரு முனைகளிலும் மெழுகு அல்லது பசை பூசி நிழலில் உலர்த்துங்கள். இல்லையெனில் முனையிலிருந்து வெடிப்பு ஓடும். பட்டைக்கு அடியிலுள்ள பக்கமே வில்லின் முதுகு. அங்கே இழை அறுபடக் கூடாது. சிறு கணு இருந்தால் அதைச் சமன்படுத்தாமல் மேடாகவே விட வேண்டும். செதுக்குவது முழுவதும் வயிற்றுப்பக்கத்தில்தான். பிடிக்கு இருபுறமும் உள்ள வில்லின் கைகள் இரண்டும் அகலமாகவும் தட்டையாகவும் அமைந்து, நுனியை நோக்கிக் குறுக வேண்டும். சிறிது வளைத்துப் பார்த்து, விறைப்பாக நிற்கும் இடத்தில் மட்டும் அரத்தால் தேய்த்து, இரு கைகளும் ஒரே சீராக வளையும்வரை பொறுமையாகத் தொடருங்கள்; முதுகுக்கு வலுவூட்டும் முன்பு ஆழமாக வளைக்க வேண்டாம்.

அந்த வலுவைத் தருவது மானின் தசைநார். உலர்ந்த நாரைத் தட்டி, நூலிழைகளாகப் பிரித்து, ஊறவைத்துக்கொள்ள வேண்டும். ஜூனிப்பரில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், முதுகைச் சாம்பல் நீரால் நன்றாகக் கழுவி உலர்த்தாவிட்டால் நார் ஒட்டாமல் உரிந்துவிடும். இங்கே சிக்கனம் வேண்டாம். தோலிலிருந்து காய்ச்சிய பசையான வச்சிரத்தைக் கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பாக வைத்து, நாரை அதில் தோய்த்து, வில்லின் நீளவாக்கில், ஓர் இழையின் முனை அடுத்ததன் நடுவில் வருமாறு படிய வையுங்கள். இரண்டு மூன்று அடுக்குகள் இட்டு, பல வாரங்கள் காய விட வேண்டும். நார் காயும்போது சுருங்கி, வில்லை நாணுக்கு எதிர்ப்புறமாக வளைக்கும். அந்த இழுப்பே அம்புக்கு வேகம் கூட்டுகிறது.

பின்னர் நாணேற்றி, இழுப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வளைவை இறுதியாகச் சரிசெய்யுங்கள். ஈரத்தில் வச்சிரம் இளகிவிடும். ஆகையால் மழைநாளில் இந்த வில்லை வெளியே எடுக்காமல், நாணைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.