எம்.எட். ஆய்வேடு: பள்ளிக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை

எம்.எட். ஆய்வேட்டை முடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நூலகத்தில் பழைய ஆய்வேடு ஒன்றை எடுத்து, மாவட்டத்தையும் வகுப்பையும் மாற்றி, அதே கருவியை, அதாவது வினாப்பட்டியை, இன்னொரு முந்நூறு பிள்ளைகளிடம் கொடுத்து நிரப்பி வாங்கிவிடலாம். பட்டம் கிடைத்துவிடும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரியில் நெறியாளராக இருப்பதால் இந்த வகை ஆய்வேடுகளை அட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த வழியில் போகிறவர்களுக்கு என் உதவி தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் 2022 விதிமுறைகளில், பிஎச்.டி.க்கு முந்தைய ஆராய்ச்சிப் படிப்பான எம்.ஃபில்.லையே நிறுத்திவிட்டது. நாளைக்கு பிஎச்.டி. சேர நினைக்கும் ஆசிரியருக்கு ஆராய்ச்சி செய்து பழக எம்.எட். ஆய்வேட்டை விட்டால் வேறு வாய்ப்பு அநேகமாக இல்லை.

முதலில் கேள்வி. ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித மனப்பான்மையும் கணித அடைவும்’ என்பது தலைப்பு மட்டும்தான். அதில் கேள்வி எதுவும் இல்லை. ‘எட்டு வரை தமிழ்வழியில் படித்து ஒன்பதில் ஆங்கிலவழிக்கு மாறிய பிள்ளைகள் அறிவியல் வகுப்பில் வாய் திறந்து சந்தேகம் கேட்கிறார்களா?’ இது கேள்வி. பதில் எங்கே கிடைக்கும் என்பதையும் இதுவே சொல்லிவிடுகிறது. வகுப்பறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தால் கிடைக்கும். ‘நான் வகுப்பில் கேள்வி கேட்பேன்: முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று டிக் போடச் சொன்னால், நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க ஆசைப்படும் எல்லாப் பிள்ளைகளும் டிக் போடுவார்கள்.

வகுப்பைக் கவனிக்க பி.எட்.டிலேயே படித்த பிளாண்டர்ஸ் முறை போதும்; வகுப்பில் நடக்கும் பேச்சை வகை பிரித்துக் குறிக்கும் முறை அது. மொத்தம் பத்து வகை: ஆசிரியர் பேச்சு ஏழு, மாணவர் பேச்சு இரண்டு, மௌனமும் குழப்பமும் சேர்ந்து ஒன்று. மூன்று விநாடிக்கு ஒரு முறை வகை எண்ணைக் குறித்தால் 40 நிமிடப் பாடவேளைக்கு 800 குறிகள் வரும். யாரும் கேட்காமல் மாணவர் தானாகப் பேசுவது ஒன்பதாம் வகை. ஆனால் பேசியது யார் என்பது அதில் பதிவாகாது. அதனால் நம் கேள்விக்கு ஏற்ப, தமிழ்வழியிலிருந்து மாறி வந்த பிள்ளை பேசினால் ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறி சேர்த்துக்கொள்ளுங்கள். உடன் படிக்கும் ஒருவரையும் கூட்டிப் போய், இருவரும் தனித்தனியாகக் குறித்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். அந்தக் கணக்கு இல்லாத உற்றுநோக்கல் வெறும் அபிப்பிராயம்தான்.

இலக்கிய மீளாய்வுக்கு, அதாவது முன்பு வந்த ஆய்வுகளைப் படித்துப் பார்க்க, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் என்ற யுஜிசி மையம் நடத்துவது, கட்டணம் கிடையாது. முடிவுரையை முதலில் படிக்காதீர்கள். முறையியல் இயலையும் பின்னிணைப்பில் இருக்கும் கருவியையும் முதலில் பாருங்கள். அதில் நம்பிக்கை வந்தால் மேலே படிக்கலாம். அடுத்தவர் கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால் அவரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

வினாப்பட்டிதான் வேண்டும் என்றால் சொந்தமாக எழுதுவதில் நேரம் செலவிடுங்கள். ‘ஆசிரியர் அன்பாகவும் தெளிவாகவும் கற்பிக்கிறார்’ என்று கேட்டால், அன்பாக இருந்து தெளிவில்லாத ஆசிரியருக்குப் பிள்ளை எதை டிக் செய்யும்? ‘கணிதம் எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது’ என்பதைப் பெரியவர்களே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். ‘வீட்டில் படிக்க வசதி உள்ளது’ என்பதற்குக் கிட்டத்தட்ட எல்லாரும் ‘ஆம்’ என்பார்கள், கரண்ட் இருந்தாலே அது வசதிதான். அதற்குப் பதில் ‘நேற்று ராத்திரி எந்த இடத்தில் உட்கார்ந்து படித்தாய்? அப்போது அங்கே வேறு யார் இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். அடுப்படி, டிவிக்கு முன்னால், திண்ணை, பாட்டி கட்டில் என்று பதில் வரும். நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசிக்கச் சொல்லி, ‘உனக்கு என்ன புரிந்தது?’ என்று கேட்பதுதான் நான் கண்ட மிகச் சிறந்த சோதனை. பைலட் என்கிற சிறு முன்னோட்டம் எல்லாம் அப்புறம்.

பைலட்டில், கருவியின் நம்பகத்தன்மைக்குக் காட்டப்படும் கிரான்பாக் ஆல்பா என்ற எண் 0.7க்கு மேல் வந்ததும் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரே விஷயத்தை வார்த்தை மாற்றி மாற்றிக் கேட்டாலும் ஆல்பா ஏறும். வாக்கியங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் ஏறும். வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லாது. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறீர்களா என்பது ஏற்புடைமை. அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இனி மாதிரி, அதாவது யார் யாரை ஆய்வுக்கு எடுப்பது என்பது. சொதப்பல் அதிகம் நடப்பது இங்கேதான். கிரெஜ்சி, மார்கன் 1970இல் வெளியிட்ட, எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணையைப் பார்த்து 384 என்று எழுதிவிட்டு, தெரிந்த தலைமையாசிரியர்கள் இருக்கும் மூன்று நான்கு பள்ளிகளில் எண்ணிக்கையை நிரப்பிவிடுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால் அது ஒரே பானைக்குத்தான், ஒவ்வொரு பள்ளியும் தனிப் பானை. ஒரே ஆசிரியரிடம் படிக்கும், ஒரே தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகவே போடலாம். 0.1 என்று குறைவாக வைத்துக்கொள்வோம். மதிப்பெண்களில் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பள்ளிக்கு 100 பேர் வீதம் மூன்று பள்ளிகளில் 300 பேர் என்றால், நூறில் ஒன்றைக் கழித்து, 0.1ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்: 10.9. முந்நூறை அதால் வகுத்தால் கையில் இருப்பது ஏறத்தாழ 28 பேருக்குச் சமமான தகவல்தான். அதே 300 பேரை 15 பள்ளிகளில் இருபது இருபதாக எடுத்தால் வகுக்கும் எண் 2.9 ஆகக் குறையும், தகவல் 103 பேருக்குச் சமம். பஸ் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்த 384கூட மக்கள்தொகை முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுப்பவர்களுக்கான எண்.

வட்டாரத்திலுள்ள பள்ளிப் பட்டியலை வாங்கி, அரசு, உதவிபெறும் பள்ளி, தனியார் என்று பிரித்து, எக்செலில் குலுக்கி எடுங்கள். வகுப்புக்குள் வருகைப் பதிவேட்டின்படி இத்தனைக்கு ஒருவர் என்று எடுக்கலாம். ‘நல்லா எழுதுற பிள்ளைங்களா நானே அனுப்புறேன் டீச்சர்’ என்று ஹெச்.எம். சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் கேட்கும்போது, குலுக்கலில் வந்த பள்ளிகளின் பெயர்ப் பட்டியலை இணைத்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு களத்தில் இறங்குவது நல்லது. நவம்பரில் மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு, பொங்கலுக்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் பாடவேளை கிடைக்காது. பெற்றோர் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். விடைத்தாளில் பிள்ளையின் பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை தரும் மாணவர் எண்), செல்போன் எண் எதுவும் வேண்டாம், உங்கள் வரிசை எண் போதும். நிரப்பும்போது வகுப்பாசிரியரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். சங்கடமான கோரிக்கைதான், ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

பகுப்பாய்வைப் பற்றி ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். ஆண் பெண், கிராமம் நகரம், பள்ளி வகை, அப்பா படிப்பு, அம்மா படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும், கருவியின் ஒவ்வொரு பரிமாணத்துக்கும் டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டால் சுலபமாக இருபது சோதனைகள் வந்துவிடும். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை 0.05 மட்டத்தில் (ஒவ்வொன்றிலும் தவறாக வேறுபாடு காட்ட 5 சதவீத வாய்ப்பு) செய்தால் குறைந்தது ஒன்றாவது ‘பொருளுடையது’, அதாவது தற்செயலானது அல்ல, என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் விளக்கம் எழுதிய ஆய்வேடுகள் நிறைய. ஆகவே களத்துக்குப் போகும் முன்பே வெற்று அட்டவணைகளை வரைந்து நெறியாளரிடம் காட்டுங்கள். உங்கள் கேள்விக்குத் தேவைப்படாத அட்டவணையை அப்போதே கிழித்துப் போட்டுவிடலாம்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். எஸ்.பி.எஸ்.எஸ். இல்லாவிட்டால் ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம். எதிர்மறை வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டாயிற்றா, பதில் இல்லாத இடத்தில் அடையாளமாகப் போட்ட 99 சராசரியில் சேர்ந்துவிட்டதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது பிள்ளைகள் நிரப்பிய மூலத் தாள்களையும் பள்ளிகளைக் குலுக்கி எடுத்த எக்செல் கோப்பின் அச்சுப்படியையும் எடுத்துப் போங்கள். ‘இந்தப் பள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று தேர்வாளர் கேட்டால் அந்தத் தாளை எடுத்து நீட்டிவிடலாம்.