யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பாவுக்கு: முழுத்தூர ட்ரையத்லானையும் குடும்ப விடுமுறையையும் ஒன்றாகப் பொருத்துவது எப்படி

போட்டிப் பட்டியலைத் திறந்து வைத்து எங்கே பாதை தட்டை, எங்கே கடல் அழகு என்று பார்க்கத் தொடங்க வேண்டாம். அது இரண்டாவது வேலை. முதலில் வீட்டில் எல்லாரும் இருந்து கதைத்து இரண்டு விஷயத்தை முடிவெடுங்கள்: பிள்ளைகளுக்கு எப்போது பள்ளிக்கூட விடுமுறை, அங்கே எந்தச் சொந்தக்காரர் வீட்டை நம்பிப் போகிறோம். முழுத்தூர ட்ரையத்லான் என்ற 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம் மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடும். மிச்ச இரண்டு கிழமையும் குடும்பத்துக்குரியது. அந்த நாட்கள் அவர்களுக்கு நல்லபடி அமைந்தால்தான், திரும்பி வந்த பிறகும் நீங்கள் விடியக்காலை நாலு மணிக்குச் சைக்கிளோடு வெளிக்கிடும்போது வீட்டில் மனத்தாங்கல் இருக்காது.

சொந்தக்காரர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. யூலை, ஓகஸ்டில் ஐரோப்பாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா குடும்பமும் மாமி குடும்பமும் நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கே வந்து நிற்பார்கள். நீங்கள் சூரிச்சில் இறங்க அவர்கள் கோண்டாவிலில் இருப்பார்கள். ஆகவே போட்டிக்குப் பதிவு செய்ய முதலே போன் எடுத்து, அந்த வருடக் கொடியேற்றத் திகதியையும் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் ஊருக்கு வருவதாக இருந்தால் வீட்டுத் திறப்பைக் கேட்டுப் பாருங்கள், குசினியோடு ஒரு வெறும் வீடு கிடைப்பதைவிடப் பெரிய உதவி போட்டிக்குப் போகிற ஆளுக்கு வேறில்லை. நாடுகளுக்கிடையே விடுமுறை வேறுபடும் என்பதையும் மறக்க வேண்டாம். டென்மார்க்கில் ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். ஜேர்மனியின் பவேரியாவில் யூலை கடைசியில் அல்லது ஓகஸ்ட் தொடக்கத்தில்தான் பெரிய விடுமுறை தொடங்கும், மற்ற மாநிலங்களில் வருடத்துக்கு வருடம் மாறும்.

அடுத்தது போட்டி நாளன்று குடும்பம் என்ன செய்யும் என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நீங்கள் 14 மணித்தியாலத்தில் முடிக்கிற ஆள் என்றால், காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கி இரவு ஒன்பது மணிக்கு வருவீர்கள். அவ்வளவு நேரமும் ஏழு வயதுப் பிள்ளையை வெயிலில் தெரு ஓரத்தில் நிறுத்தி வைக்க முடியாது. அதனால் போட்டியின் வரைபடத்தைப் பார்க்கும்போது உங்கள் கண்ணால் பார்க்காதீர்கள், பிள்ளையோடு நிற்கப்போகிறவரின் கண்ணால் பாருங்கள். ஓட்டப் பாதை நகரத்துக்குள் மூன்று நாலு சுற்றாக வருகிறதா? அப்படியென்றால் ஒரே இடத்தில் நின்று நாலு தடவை பார்க்கலாம், இடையில் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வரலாம். நீச்சல் ஒரு இடத்திலும் முடிவு இன்னொரு இடத்திலுமாக இருந்தால், விடியக்காலையில் பிள்ளைகளை எழுப்பி இழுத்துக்கொண்டு போகாமல் நீங்கள் மட்டும் போட்டிப் பேருந்தில் போங்கள். அவர்கள் நித்திரை கொண்டு எழும்பி, மத்தியானத்துக்குப் பிறகு ஓட்டத்துக்கு வந்தால் போதும். பக்கத்தில் விளையாட்டு இடம், கழிப்பறை, ரெயில் நிலையம் இருக்கிறதா என்று வரைபடத்தில் தேடிக் குறித்துக் கொடுங்கள். வெளிச்சமும் ஒரு கணக்கு: யூன் மாதத்தில் பிராங்க்ஃபுர்ட்டில் இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், செப்ரெம்பர் கடைசியில் இத்தாலியில் ஏழு மணிக்கே இருட்டிவிடும். பிந்தி வருகிறவர்களின் குடும்பத்துக்கு அந்த இரண்டரை மணித்தியாலம் பெரிய வித்தியாசம்.

இப்போது உங்கள் உடம்புக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பயிற்சி எடுக்கிற ஒருவருக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நேர்மையாகப் பாருங்கள். மலை இல்லை. ஒரு மேடு கூட இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் சோழகம் அடிக்கிற நாட்களில் பண்ணையால் வேலணை போய், அங்கிருந்து புங்குடுதீவுத் தாம்போதியில் எதிர்காற்றில் மிதித்திருக்கிறீர்கள் என்றால், ஐரோப்பாவின் தட்டையான, காற்றுப் பிடித்த போட்டிகளுக்கு உங்கள் கால் ஏற்கெனவே பழகிவிட்டது. சுவீடனில் கல்மார் போட்டியில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளமான ஓலண்ட் பாலத்தைக் கடந்து தீவுக்குப் போய்ச் சைக்கிள் ஓட்ட வேண்டும், கடலுக்கு நடுவே காற்றில் ஓட்டுவது என்றால் என்ன என்று நம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலும் அப்படித்தான். 2019இல் பிராங்க்ஃபுர்ட் போட்டியன்று வெப்பம் 40 பாகையை நெருங்கியது, அப்படி ஒரு நாளில் இங்கே மத்தியான வெயிலில் ஓடிப் பழகியவர்தான் நின்று பிடிப்பார்.

பயப்பட வேண்டியது குளிர்த் தண்ணீருக்கு. காரைநகர் கசூரினாவில் 28, 29 பாகையில் நீந்திப் பழகிய உடம்பு 18 பாகைக் கடலில் இறங்கியதும் முதல் சில நிமிடம் மூச்சு எடுக்கவே மறுக்கும். அயன்மேன் என்ற பெயரில் நடக்கும் முழுத்தூரப் போட்டிகளில் 24.5 பாகை வரை வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடுப்பு) போடலாம், 16 பாகைக்குக் கீழே என்றால் கட்டாயம் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால் இங்கே வெட்சூட்டைப் போட்டுப் பயிற்சி எடுக்க முடியாது, அவிந்துவிடுவோம். அதனால் குளிர்த் தண்ணீர்ப் போட்டியைத் தெரிவு செய்தால் குறைந்தது ஒரு கிழமை முதலே போய், பக்கத்து ஏரியிலோ கடலிலோ நாலைந்து தடவை வெட்சூட்டோடு இறங்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சைப் பழக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது.

சரி, போட்டிகள். முதல் தடவை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது டென்மார்க்கின் கொப்பன்ஹேகன். ஓகஸ்டில் நடக்கும். நீச்சல் அமாகர் கடற்கரையில், மெற்றோ ரெயில் பக்கத்திலேயே நிற்கும், அது இரவு பகல் ஓடுகிறது, ஆகவே கார் தேவையில்லை. சைக்கிள் பாதையில் பெரிய ஏற்றம் இல்லை, ஓட்டம் நகரத்துக்குள் சுற்றுச் சுற்றாக வரும். நீலக் கோள் என்று பொருள்படும் பெரிய மீன்காட்சியகம் அமாகர் கடற்கரைக்குக் கிட்டத்தான், நகர நடுவில் திவோலி பூங்கா. போட்டி முடிய யட்லாண்ட் பக்கம் போனால் பில்லுண்டில் லெகோலாண்ட் விளையாட்டுப் பூங்கா, அங்கிருந்து சிறிது தூரத்தில் பிராண்டே அபிராமி அம்மன் கோயில், கொஞ்சம் தள்ளிப் போனால் ஹேர்னிங் பிள்ளையார் கோயில். அந்தப் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாலும் அவருக்கும் நாள் போகும். குறை என்றால் தண்ணீர்க் குளிரும் விலைவாசியும். வெளியில் சாப்பிட்டால் காசு கரையும், குசினி உள்ள இடமாகப் பாருங்கள்.

தண்ணீர்க் குளிர்தான் உங்களுக்குப் பெரிய பயம் என்றால் ஒஸ்ரியாவின் கிளாகன்ஃபுர்ட். அங்குள்ள வேர்தர் ஏரி ஆல்ப்ஸ் மலைப்பக்க ஏரிகளில் மிகச் சூடானவற்றில் ஒன்று, கோடையில் 25 பாகை வரை போகும். நீச்சலின் கடைசிப் பகுதி லெண்ட் என்ற ஒடுங்கிய வாய்க்காலுக்குள் வரும், இரு கரையிலும் சனம் நிற்கும், பிள்ளைகள் நீந்துகிற ஆட்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இப்படி வேறெங்கும் பார்ப்பது கடினம். ஏரிக்கரையில் குளிக்கும் இடம், பூங்கா, உலகக் கட்டடங்களைச் சிறிதாகச் செய்து வைத்திருக்கும் மினிமுண்டுஸ் எல்லாம் நடந்து போகும் தூரம். ஏரிக்கு மேலே பிரமிடன்கோகல் மரக்கோபுரத்தில் ஏறிச் சறுக்கிக்கொண்டு இறங்கலாம். சைக்கிள் பாதையில் ஏற்றம் உண்டு, அதற்கு நுவரெலியா, கண்டிப் பக்கம் போய் ஒரு கிழமையாவது ஏறிப் பழகுங்கள். சொந்தக்காரர் அங்கே குறைவு, அதனால் தங்கும் செலவு உங்கள் தலையில். யூன் மாதம் என்பதால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் விடுப்பும் கேட்க வேண்டிவரும்.

ஜேர்மனியில் சொந்தம் இருந்தால் பிராங்க்ஃபுர்ட். கொலோன், டோட்முண்ட் பக்கத்திலிருந்து அண்ணா அக்கா எல்லாம் ரெயின் ஏறிப் பகல் பொழுதுக்குள் வந்து மைன் ஆற்றங்கரையில் நின்று கத்திவிட்டுப் போகலாம், ஓட்டம் அங்கே சுற்றுகளாகத்தான். ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவும் கோடையின் தொடக்கத்தில்தான் வரும், திகதி பொருந்தினால் அதைப்போல ஒரு விடுமுறை அமையாது. ஆனால் போட்டித் திகதியைப் பழைய வருடத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வழக்கமாக யூன் கடைசியை அண்டி நடக்கிற போட்டி 2024இல் ஓகஸ்ட் 18இல் நடந்தது.

ரோத் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நூரம்பேர்க்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், யூலைத் தொடக்கத்தில் போட்டி, நீச்சல் மைன்-டானூப் கால்வாயில். 2024இல் டென்மார்க் வீரர் மக்னுஸ் டிட்லெவ் 7 மணி 23 நிமிடம் 24 செக்கனில் முடித்ததும், அதே நாளில் ஜேர்மன் வீராங்கனை ஆனே ஹவ்க் 8 மணி 2 நிமிடம் 38 செக்கனில் முடித்ததும் அங்கேதான், இரண்டும் அந்த நேரத்தில் முழுத்தூரத்தின் உலக அதிவேக நேரங்கள். சைக்கிள் பாதையின் சோலார் ஏற்றத்தில் சனம் தேர் பார்க்க நிற்பதுபோல நெருக்கி நிற்கும், நடுவில் ஒரு சைக்கிள் போகும் அளவுக்குத்தான் வழி விடுவார்கள். ஆனால் இடம் கிடைப்பது பெரும்பாடு, பதிவு திறந்து சில நிமிடத்தில் முடிந்துவிடும், சுற்றிவர ஹொட்டேல்களும் நேரத்தோடு நிரம்பும். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் ஜேர்மனியிலும் சுவிஸிலும் இருந்தால் மூன்று பேர் அஞ்சல் அணியாகப் பதிந்து பாருங்கள். ஒருவர் நீந்த, ஒருவர் ஓட்ட, ஒருவர் ஓட, குடும்ப ஒன்றுகூடலும் அதிலேயே முடிந்துவிடும்.

பள்ளிக்கூட வயது வராத சின்னப் பிள்ளைகள் என்றால் செப்ரெம்பரில் இத்தாலியின் செர்வியாவைப் பாருங்கள். ஆழமில்லாத மணல் கடற்கரை, அநேகமாகத் தட்டைப் பாதை, கோடைக் கூட்டம் கலைந்திருக்கும். பக்கத்தில் மிராபிலாண்டியா விளையாட்டுப் பூங்கா இருக்கிறது, அந்த மாதத்தில் எந்தெந்த நாள் திறப்பு என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

நீஸ், லன்சரோட்டே, வேல்ஸ், எம்ப்ரன் எல்லாம் மலைக்காரருக்கு. நீஸ் கடற்கரை குடும்பத்துக்கு அருமையான இடம், ஆனால் சைக்கிளில் 2,000 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும், இறக்கங்களில் வளைவு எடுக்கத் தெரிய வேண்டும், தட்டை நிலத்தில் மட்டும் ஓட்டியவர் அங்கே முதல் போட்டியைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நோர்வேயின் நோர்ஸ்மன் வேறு கதை, படகிலிருந்து ஃபியோட் (மலைகளுக்கிடையே நீண்டு போகும் கடல்) தண்ணீருக்குள் குதிக்க வேண்டும், குடும்பம் நாள் முழுக்கக் காரில் பின்னால் வந்து சாப்பாடு தர வேண்டும். அது விடுமுறை ஆகாது.

விசாவை இவ்வளவு பிந்திச் சொல்கிறேன், ஆனால் நாட்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியது அது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முதல்தான் விண்ணப்பிக்கலாம், போட்டிப் பதிவோ அதற்கு முன்பே நிரம்பிவிடும், கட்டணமும் 600 யூரோவுக்கு மேல் போகும். ஆகவே பணம் திரும்பக் கிடைக்குமா, அடுத்த வருடத்துக்கு மாற்றலாமா என்பதை வாசித்துப் பார்க்காமல் பதியாதீர்கள். எந்த நாட்டில் அதிக நாள் நிற்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், போட்டி டென்மார்க்கில் நாலு நாள், சித்தி வீட்டில் சுவிஸில் பத்து நாள் என்றால் சுவிஸிடம். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும், அது போட்டி விளையாட்டுக் காயங்களுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லண்டன் மாமா வீட்டுக்கும் போவதென்றால் அதற்குத் தனி விசா. போட்டிப் பதிவு உறுதிக் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு வையுங்கள்.

சைக்கிள் பெட்டியைக் கட்டுநாயக்காவுக்கு ரெயினில் இழுத்துக்கொண்டு போவதைவிட, குடும்பத்தோடு ஒரு வான் பிடித்துப் போவது நல்லது. விமானத்தில் அது எத்தனை கிலோ, தனிக் கட்டணமா என்பதை ரிக்கெற் எடுக்க முதல் கேளுங்கள். பிறகு கேட்டால் காசு இரட்டிப்பாகும்.

போட்டியை விடுமுறையின் நடுப்பகுதியில் வையுங்கள், கடைசி நாளில் வேண்டாம். கடைசியில் வைத்தால் அதற்கு முந்திய எல்லா நாளும் நடக்காதே, வெயிலில் நிற்காதே, கண்டதைச் சாப்பிடாதே என்று போய்விடும், குடும்பம் உங்களைச் சுற்றியே இருக்கும். ஏழெட்டு நாள் முதலே போய்ச் சேர்ந்து, போட்டியை முடித்து, பிறகு ஒரு முழுக் கிழமை அவர்கள் சொல்கிற இடமெல்லாம் போங்கள். கோடையில் நேர வித்தியாசம் மூன்றரை மணித்தியாலம்தான், அது உங்களுக்குச் சாதகம், அங்கே காலை ஆறரை என்றால் உங்கள் உடம்புக்கு யாழ்ப்பாணத்தின் பத்து மணி.

இன்னொன்று. முடிவுக்கோட்டைப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடக்கலாம் என்று வீட்டில் வாக்குக் கொடுக்க முதல் விதிப் புத்தகத்தைப் பாருங்கள், பல அயன்மேன் போட்டிகளில் அதற்குத் தடை, மீறினால் தகுதிநீக்கம். முடித்த பிறகு எந்த வாசலில் சந்திப்பது, சைக்கிளை யார் எடுப்பது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள், அந்த இரவில் உங்களால் எதையும் யோசிக்க முடியாது. மறுநாளுக்கு ரெயினோ விமானமோ போட வேண்டாம். லெகோலாண்ட் அதற்கும் அடுத்த நாள்.