32-ஐ 33 ஆக்கிய ஸ்கேன்

மார்த்தாண்டத்தில் எங்கள் ஹார்டுவேர் கடையின் கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) மூலம் எக்செலில் ஏற்றுவோம். விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் காட்டும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒத்துப் பார்த்தால் சில பில்கள் மட்டும் பொருந்தவே மாட்டேன் என்றன.

ஸ்கேன் ரெசல்யூஷனைக் கூட்டினேன், ஆப்பை மாற்றினேன், பலனில்லை. பொருந்தாதவற்றை மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எல்லாமே களியக்காவிளை எல்லை தாண்டி வந்த கேரள பில்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: கேரளா 32, தமிழ்நாடு 33. மங்கலான கார்பன் நகலில் இருந்த 2, ஓசிஆர் கண்ணுக்கு 3 ஆகிவிட்டது.

நல்லவேளை, ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்தில் கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. அதற்கொரு ஃபார்முலா போட்டதும் தவறான எண்கள் சிவப்பில் தெரிந்துவிட்டன. இரண்டு நிம்மதிப் பெருமூச்சு.

அப்புறம், க்யூஆர் உள்ள இ-இன்வாய்ஸுக்கு (அரசுத் தளத்தில் பதிவான மின் பில்) ஓசிஆரே தேவையில்லை. அந்த க்யூஆரைச் சாதாரண க்யூஆர் ஸ்கேனரில் காட்டினால் புரியாத எழுத்துக்குவியல்தான் வரும். புள்ளிகளால் பிரிந்த மூன்று பகுதிகளில் நடுப்பகுதியை பேஸ்64 என்ற குறியீட்டு முறையிலிருந்து சாதாரண எழுத்துக்கு மாற்றினால் இருதரப்பு ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் பிசகாமல் கிடைக்கும். வரி எவ்வளவு என்ற பிரிப்பு மட்டும் இருக்காது, அதை பில்லைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

கையால் எழுதிய பில்களைத் தட்டச்சு செய்துவிடுகிறோம். அதில் ஓசிஆரோடு மல்லுக்கட்டுவது வீண்.