நிமிடங்களை மணி நேரமாக மாற்றும் முறை

ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிடங்கள் என்பதால், கையில் இருக்கும் நிமிட எண்ணை 60-ஆல் வகுத்தால் மணிக்கணக்கு கிடைத்துவிடும். விதி இவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கணக்கில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, வகுத்தலைச் சரியாகச் செய்துவிட்டு விடையை எழுதும் இடத்தில் நேர்ந்தவை. 90 நிமிடங்களை ஒருவர் 1.30 என்று எழுதுவார், இன்னொருவர் 1.5 என்று எழுதுவார். இருவர் கணக்கும் சரி. முதலாமவர் வைத்த புள்ளி, மணியையும் நிமிடத்தையும் பிரித்துக் காட்டும் வெறும் இடைக்குறி. இரண்டாமவர் வைத்ததோ தசமப் புள்ளி. நேரத்தை "காலை 9.30 மணி" என்று புள்ளி வைத்தே எழுதிப் பழகிய நமக்கு இவ்விரண்டும் ஒரே உருவத்தில் கண்ணில் படுவதால், ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் அமர்ந்துகொள்வது மிக எளிதாக நடந்துவிடுகிறது.

ஆகவே மாற்றத் தொடங்கும் முன்பே, விடை எந்த வடிவில் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறரிடம் சொல்வதற்கும் படித்துப் புரிந்துகொள்வதற்கும் மணியும் நிமிடமுமாகப் பிரித்த வடிவம் ஏற்றது. வேகம், மின்சார அளவு, மணிக்கணக்கில் தரப்படும் ஊதியம் என்று அந்த நேரத்தை வைத்து மேற்கொண்டு பெருக்கவோ வகுக்கவோ வேண்டியிருந்தால் தசம வடிவம் தேவை.

மணியும் நிமிடமுமாகப் பிரித்தல்

437 நிமிடங்களை எடுத்துக்கொள்வோம். 437-க்குள் எத்தனை 60 அடங்கும் என்று பார்த்தால், ஏழு 60 சேர்ந்து 420 ஆகிறது. எட்டாவது சேர்ந்தால் 480 ஆகி மிஞ்சிவிடுகிறது. எனவே ஈவு 7, மீதி 17. ஈவு மணி, மீதி நிமிடம். விடை 7 மணி 17 நிமிடம். மீதியை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். அதைப் புள்ளிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டினால் தொல்லை ஆரம்பித்துவிடும்.

மனக்கணக்காகச் செய்ய ஆறாம் வாய்பாடு போதும். 500 நிமிடம் என்றால் கடைசிப் பூஜ்யத்தை மறைத்துவிட்டு 50-ஐ 6-ஆல் வகுக்கலாம். எட்டு ஆறு நாற்பத்தெட்டு, மீதி 2. இந்த மீதி 2 என்பது இரண்டு நிமிடம் ஆகாது. மறைத்து வைத்த பூஜ்யத்தை அதனிடம் திருப்பிக் கொடுத்தால் 20 நிமிடம் என்று வரும். ஆக, 8 மணி 20 நிமிடம். எண் பூஜ்யத்தில் முடியாவிட்டாலும் இதே வழிதான்: 437-இல் கடைசி இலக்கமான 7-ஐத் தனியே எடுத்து வைத்துவிட்டு, 43-ஐ 6-ஆல் வகுத்து 7-உம் மீதி 1-உம் பெற்று, அந்த மீதியைப் பத்தாக்கி, எடுத்து வைத்த 7-ஐச் சேர்த்தால் 17 வந்துவிடுகிறது.

எண் மிகப் பெரிதாக இருந்தால் நாளையும் சேர்த்துப் பிரிப்பது நல்லது. ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். 4,000 நிமிடங்கள் என்பது 66 மணி 40 நிமிடம். 66-இலிருந்து 48-ஐ எடுத்துவிட்டால் 2 நாள் 18 மணி 40 நிமிடம். நொடிகளில் தொடங்கினால் 60-ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும், அவ்வளவே: 5,000 நொடி என்பது 83 நிமிடம் 20 நொடி, அதாவது 1 மணி 23 நிமிடம் 20 நொடி.

தசம மணியாக மாற்றுதல்

இங்கே மீதியை விட்டுவைக்காமல் அதையும் 60-ஆல் வகுக்கிறோம். மேலே கிடைத்த 17 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 0.2833 என்று நீண்டுகொண்டே போகும். எனவே 437 நிமிடம் என்பது ஏறத்தாழ 7.28 மணி நேரம். 7.17 என்று எழுதினால் அது வேறொரு நேரம். தசமமாகப் படித்தால் 7 மணி 10 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே வரும்.

கால்குலேட்டர் இல்லாமலே இதைச் செய்யத் தமிழ்ப் பேச்சு நமக்கு ஏற்கெனவே உதவி வைத்திருக்கிறது. முக்கால் மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம், இரண்டரை மணி நேரம் என்று சொல்லும்போது நாம் நிமிடத்தைச் சொல்லவில்லை, மணியின் பங்கைத்தான் சொல்கிறோம். கால் என்பது 15 நிமிடம், 0.25, அரை என்பது 30 நிமிடம், 0.5, முக்கால் என்பது 45 நிமிடம், 0.75. இன்னும் நுணுக்கமாகப் போனால், பழைய தமிழ்க் கணக்கில் எட்டில் ஒரு பங்கான அரைக்கால் ஏழரை நிமிடத்துக்கும், இருபதில் ஒரு பங்கான மா மூன்று நிமிடத்துக்கும் பொருந்துகின்றன. மா என்ற சொல் வழக்கொழிந்துபோனாலும், அந்த அளவு இந்தக் கணக்குக்கென்றே செய்தது போல இருக்கிறது: மூன்று நிமிடம் என்பது மிகச் சரியாக 0.05 மணி நேரம்.

இதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த குறுக்குவழி கிடைக்கிறது. நிமிட எண் 3-ஆல் மீதியின்றி வகுபடுமானால், அதை 3-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க வேண்டும். வரும் எண்தான் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள். 27 நிமிடத்துக்கு ஒன்பது ஐந்து நாற்பத்தைந்து, எனவே 0.45. 42 நிமிடத்துக்குப் பதினான்கு ஐந்து எழுபது, எனவே 0.70. வெறும் 3 நிமிடத்துக்கு ஐந்து மட்டுமே வருவதால் அதற்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு 0.05 என்று எழுத வேண்டும். 60 என்பது 2, 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கல். தசம முறையோ 2-ஐயும் 5-ஐயும் மட்டுமே முழுதாகச் செரிக்கும். நிமிட எண்ணுக்குள்ளேயே ஒரு 3 இருந்தால் அது வகுக்கும் எண்ணில் உள்ள 3-ஐத் தீர்த்துவிடுகிறது, விடை இரண்டு இலக்கத்தில் நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் 20 நிமிடம் 0.333 என்றும், 40 நிமிடம் 0.666 என்றும், ஒரே ஒரு நிமிடம் 0.01666 என்றும் முடிவில்லாமல் ஓடும்.

முடிவில்லாமல் ஓடும் எண்ணை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கணக்கின் கடைசியில் மட்டுமே வெட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 40 நிமிடம் கொண்ட 30 வகுப்புகள் மொத்தம் 1,200 நிமிடங்கள், அதாவது சரியாக 20 மணி நேரம். ஒவ்வொரு வகுப்பையும் முதலிலேயே 0.67 என்று முழுமையாக்கிவிட்டு முப்பதால் பெருக்கினால் 20.1 வருகிறது, நடக்காத ஆறு நிமிடம் கணக்கில் முளைத்துவிடுகிறது. நிமிடங்களாகவே கூட்டிக்கொண்டு போய், இறுதியில் ஒரே ஒரு முறை 60-ஆல் வகுப்பதே பாதுகாப்பானது.

தசம மணியைத் திரும்ப நிமிடமாக்க வேண்டுமானால், புள்ளிக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் 60-ஆல் பெருக்கினால் போதும். 7.28-இல் 0.28-ஐ 60-ஆல் பெருக்கினால் 16.8 வருகிறது, அதாவது ஏறத்தாழ 17 நிமிடம். பல அறிவியல் கால்குலேட்டர்களில் பாகை, கலை, விகலை என்று கோணத்தை எழுதுவதற்கான குறிகள் பொறித்த ஒரு பொத்தான் உண்டு. கோணமும் நேரமும் ஒரே அறுபதின் கணக்கில் பிரிவதால், 437-ஐ 60-ஆல் வகுத்த விடை திரையில் இருக்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் 7, 17, 0 என்று பிரித்துக் காட்டிவிடும்.

புள்ளி தின்ற நேரம்

ஒருமுறை என் வேலைநேரப் பட்டியலை நானே தயாரித்துக் கொடுத்தேன். 22 நாட்கள், நாளொன்றுக்கு 8 மணி 40 நிமிடம். ஒவ்வொரு நாளுக்கும் 8.40 என்று எழுதி, 22-ஆல் பெருக்கி, 184.8 மணி நேரம் என்று மொத்தம் போட்டுவிட்டேன். 8.40 என்பதைத் தசமமாகப் பெருக்கிய அந்த நொடியிலேயே அது 8 மணி 24 நிமிடமாகச் சுருங்கிவிட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நாளுக்கு 16 நிமிடம் வீதம் 22 நாளுக்கு 352 நிமிடம், அதாவது 5 மணி 52 நிமிடம் காணாமல் போனது. பட்டியலை வாங்கியவரும் கவனிக்கவில்லை, பெருக்கல் சரியாக இருக்கும்போது யார்தான் கவனிப்பார்? இந்தத் தவறு எப்போதும் ஒரே விகிதத்தில்தான் தின்னும்: புள்ளிக்குப் பின்னால் எழுதிய நிமிடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 10 நிமிடம் என்றால் 4 நிமிடம் போகும், 40 என்றால் 16, 50 என்றால் 20.

கண்பார்வையிலேயே பிடித்துவிட ஒரு வழி இருக்கிறது. தசம வடிவில் சரியாக மாற்றியிருந்தால், புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்க எண், நிமிட எண்ணைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்: 17 நிமிடம் 28 ஆகிறது, 30 நிமிடம் 50 ஆகிறது, 45 நிமிடம் 75 ஆகிறது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால், பூஜ்யத்தைத் தவிர, மாற்றம் நடக்கவே இல்லை என்று பொருள்.

வேகக் கணக்கிலும் இதே பொறி காத்திருக்கிறது. 90 கிலோமீட்டரை 75 நிமிடத்தில் கடந்த வண்டியின் சராசரி வேகம், 90-ஐ 1.25-ஆல் வகுக்க, மணிக்கு 72 கிலோமீட்டர். 75 நிமிடம் என்பது 1 மணி 15 நிமிடம்தானே என்று 1.15-ஆல் வகுப்பவருக்கு 78-க்கும் மேல் வந்துவிடும். மின்சாரக் கணக்கில், 1,500 வாட் சாதனம் 40 நிமிடம் ஓடினால் ஆகும் செலவு 1.5 கிலோவாட்டை மணியின் மூன்றில் இரண்டு பங்கால் பெருக்கியதற்குச் சமம், அதாவது சரியாக ஒரு யூனிட்; 0.40-ஆல் பெருக்கினால் 0.6 யூனிட் என்று தவறாக வரும்.

நேரத்தை நேரத்தோடு கூட்டும்போது, மணியையும் நிமிடத்தையும் தனித்தனியே கூட்ட வேண்டும். 2 மணி 45 நிமிடமும் 1 மணி 50 நிமிடமும் சேர்ந்தால் 3 மணி 95 நிமிடம். 95-இலிருந்து 60-ஐ ஒரு மணியாக மாற்றிக் கொடுத்தால் 4 மணி 35 நிமிடம். கழிக்கும்போது கடன் வாங்கினால், பக்கத்து இடத்திலிருந்து வருவது பள்ளியில் பழகிய பத்தோ நூறோ ஆகாது, அறுபது. 9.40-க்குத் தொடங்கி 14.15-க்கு முடிந்த பயணத்துக்கு, 14.15-ஐ 13 மணி 75 நிமிடம் என்று மாற்றி எழுதிக்கொண்டு கழித்தால் 4 மணி 35 நிமிடம் கிடைக்கும்.

இத்தனை தொல்லைக்கும் காரணம் நூறாக இல்லாத அந்த அறுபதுதான் என்று தோன்றினால், அதை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793-இல் நாளை 10 மணியாகவும், மணியை 100 நிமிடமாகவும் பிரிக்க ஆணையிட்டது. அந்தக் கடிகாரத்தில் இடைக்குறிப் புள்ளியும் தசமப் புள்ளியும் ஒன்றேதான். இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் 1795-லேயே அதன் கட்டாயம் கைவிடப்பட்டது. பாபிலோனியர் எண் முறையிலிருந்து வந்த அறுபதை 12 எண்கள் மீதியின்றி வகுக்கும், நூறை 9 எண்கள் மட்டுமே வகுக்கும். மணியில் மூன்றில் ஒரு பங்கு நமக்கு 20 நிமிடமாக அழகாக நிற்கிறது.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாள்களில்

நிமிட எண் இருக்கும் கட்டத்தை 60-ஆல் வகுத்தால் தசம மணி கிடைக்கும். இதில் குழப்பம் இல்லை. மணியும் நிமிடமுமாகப் பார்க்க விரும்பினால் அதை 1,440-ஆல் வகுத்து, அந்தக் கட்டத்துக்கு நேர வடிவமைப்பைக் கொடுக்க வேண்டும். இந்த மென்பொருள்கள் ஒரு முழு நாளை 1 என்ற எண்ணாகவும், ஒரு மணி நேரத்தை அதன் 24-இல் ஒரு பங்காகவும் வைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். அதனால்தான் நேர வடிவமைப்பில் உள்ள கட்டத்தை நேரடியாக மணிநேர ஊதியத்தால் பெருக்கினால் நம்ப முடியாத அளவுக்குச் சிறிய தொகை வருகிறது. பெருக்கும் முன் 24-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மொத்தம் 24 மணி நேரத்தைத் தாண்டும்போது இன்னொரு சிக்கல் வரும். 1,600 நிமிடங்கள் 26 மணி 40 நிமிடம். ஆனால் வழக்கமான நேர வடிவமைப்பு முழு நாளை விழுங்கிவிட்டு 2 மணி 40 நிமிடம் என்று மட்டும் காட்டும். உள்ளே இருக்கும் எண் சரியாகவே இருக்கிறது, காட்டப்படும் உருவம்தான் குறைந்திருக்கிறது. தனிப்பயன் வடிவமைப்பில், மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டுவிட்டால், அதே கட்டம் 26-ஐயும் 40-ஐயும் காட்டும்.