சைக்கிளுக்கு ஹப் மோட்டார் கிட் தேர்ந்தெடுப்பது எப்படி? முதலில் வெர்னியரை எடுங்கள்

சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்து, சாதாரண சைக்கிளை மின் சைக்கிளாக்கும் ஹப் மோட்டார் கிட் வாங்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது "எத்தனை வாட் வாங்கலாம்?" என்றுதான். அது கடைசியில் பார்க்க வேண்டிய எண். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சைக்கிளை. அதன் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பின் ஃபிரேமும் எந்த ஆக்சிலை (சக்கரத்தின் அச்சு) ஏற்கும் என்று தெரிந்துவிட்டாலே பட்டியலில் பெரும்பகுதி தானாகக் கழிந்துவிடும். மிச்சம் இருப்பதில் ஒன்றை எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

சக்கரம் கழற்றத் தெரியும், மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மில்லிமீட்டர் அளவைத் துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் வெர்னியர் ஒன்று கட்டாயம் வேண்டும். டேப்பை நம்பாதீர்கள். இங்கே 1 மி.மீ. கூடக் குறைய இருந்தால் மோட்டார் ஏறாது.

படி 1: சக்கரத்தைக் கழற்றி அளவெடுப்பது

ஆக்சில் உட்காரும் இடத்தில், இரண்டு கால்களுக்கும் நடுவே உள்பக்க அகலத்தை அளங்கள். முன் ஃபோர்க்கில் பெரும்பாலும் 100 மி.மீ. இருக்கும். பின்பக்கம் கியர் சைக்கிள் என்றால் 135 மி.மீ. சகஜம்; ரோடு பைக்கில் 130, கியர் இல்லாத சைக்கிளில் 110 அல்லது 120 வரலாம். கிட் விவரத்திலும் இதே எண் இருக்க வேண்டும். இரும்பு ஃபிரேம் என்றால் இரண்டு மூன்று மி.மீ. விரித்து மாட்டிவிடலாம். அலுமினியத்தை விரிக்காதீர்கள். கார்பன் என்றால் அந்த சைக்கிளை விட்டுவிட்டு வேறு சைக்கிள் பாருங்கள்.

அடுத்து, ஆக்சில் நுழையும் பிளவின் அகலம். சாதாரண சைக்கிளில் இது முன்னால் 9 மி.மீ., பின்னால் 10 மி.மீ. அளவில் இருக்கும். ஹப் மோட்டாரின் ஆக்சில் 12 அல்லது 14 மி.மீ. தடிமன். அதன் இரண்டு பக்கத்தையும் சீவி, 10 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக்கியிருப்பார்கள். அந்தத் தட்டைப் பகுதிதான் பிளவுக்குள் போகும். அதனால் பின்பக்கம் பெரும்பாலும் நேராக இறங்கிவிடும். முன்பக்கம்தான் அந்த 1 மி.மீ. இடிக்கும். தட்டை அரத்தை வைத்து இரண்டு ஓரங்களையும் சமமாக, அடிக்கடி மாட்டிப் பார்த்தபடி ராவுங்கள். பிளவின் ஆழத்தில் கை வைக்காதீர்கள். ஒரு பக்கம் ஆழம் கூடினால் சக்கரம் கோணலாக நிற்கும்.

பிளவே இல்லாமல், வட்டத் துளையிலிருந்து நீளமான ஆக்சில் ஒன்று உருவிக்கொண்டு வந்தால் அது த்ரூ ஆக்சில். சாதாரண ஹப் கிட் அதில் ஏறாது. பெடல் அச்சில் மாட்டும் நடு மோட்டார்தான் உங்களுக்கு வழி.

பின் மோட்டார் வாங்குவதாக இருந்தால் பல்சக்கரத்தையும் பாருங்கள். திருகி ஏற்றும் ஃப்ரீவீலுக்கு ஒரு வகை மோட்டார், செருகி ஏற்றும் கேசட்டுக்கு வேறு வகை. 7 கியர் வரை பெரும்பாலும் ஃப்ரீவீல். அதற்கு மேல் பெரும்பாலும் கேசட்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. மோட்டாரில் டிஸ்க் மாட்ட 6 ஓட்டை இருந்தால் மட்டும் போதாது. மோட்டாரின் மூடி வெளியே புடைத்திருந்தால் டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பர் அதில் உரசும். வாங்கும் முன் மூடியின் பக்கவாட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். உரசத்தான் செய்கிறது என்றால், 160-க்குப் பதில் 180 மி.மீ. டிஸ்க்கும் அதற்குரிய அடாப்டரும் போட்டால் காலிப்பர் மையத்தை விட்டுத் தள்ளிப்போகும். பல சமயம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். ஃபோர்க் 180 மி.மீ. டிஸ்க்கைத் தாங்கும் வகைதானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: முன்னாலா, பின்னாலா?

என் ஓட்டு பின்னாலுக்குத்தான். முன் மோட்டார் மாட்டுவது சுலபம், கியர் பக்கம் போகவே வேண்டாம், எல்லாம் சரி. ஆனால் ஏற்றத்தில் உடல் எடை பின்னால் சாயும்போது முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். மண் பாதையில் வழுக்கிச் சுற்றும். அதைவிடப் பெரிய கவலை ஃபோர்க். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் வார்த்த அலுமினியம் அல்லது மக்னீசியம். அவை வளையாமல் ஒரேயடியாக உடையும். பின்பக்கம் ஆக்சில் நழுவினால் வண்டி நிற்கும். முன்பக்கம் நழுவினால் நீங்கள் விழுவீர்கள். சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க் வைத்திருந்தால் மட்டும், சின்ன மோட்டாராகப் பார்த்து முன்னால் போடுங்கள்.

படி 3: கியர் மோட்டாரா, நேரடி மோட்டாரா?

கியர் ஹப் மோட்டாருக்குள் ஒரு சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும். கோள்கியர்கள் அந்த வேகத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைத்து, தள்ளும் விசையாக மாற்றித் தரும். எடை 2 முதல் 4 கிலோ. உள்ளே ஒரு கிளட்ச் இருப்பதால் பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண சைக்கிள் போல மிதித்துக்கொண்டு வீடு வரலாம். குறை என்றால், நைலான் பற்கள் காலப்போக்கில் தேயும், மெல்லிய உறுமல் சத்தம் வரும்.

நேரடி மோட்டாரில் கியரே கிடையாது. சத்தமும் இல்லை, தேய்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் எடை 5 கிலோவைத் தாண்டும், மின்சாரம் இல்லாமல் மிதித்தால் காந்த இழுவை காலில் தெரியும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும் என்று இதை விற்பார்கள். திரும்புவது உண்மைதான். ஆனால் அடிக்கடி நீண்ட இறக்கம் இருந்தால் ஒழிய அந்த லாபம் சொற்பம். மிதித்து ஓட்டுகிற ஆளுக்கு கியர் மோட்டார். மிதிக்காமல், கைப்பிடியில் உள்ள த்ராட்டிலைத் திருகியபடி சமதளத்தில் வேகமாகப் போகிறவருக்கு நேரடி மோட்டார்.

படி 4: சுற்று வேகம்

பலர் கவனிக்காமல் விடும் எண் இது. ஒரே மோட்டாரையே 201, 260, 328 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று வெவ்வேறு சுற்றுகளில் விற்பார்கள். சக்கரத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் எவ்வளவு தூரம் போனது என்று அளங்கள். 26 அங்குலச் சக்கரம் சுமார் 2.07 மீட்டர் போகும். அதை ஆர்பிஎம்மால் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 201 என்றால் 25, 328 என்றால் 40 தாண்டும். இது சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றும்போது கிடைக்கும் வேகம். ஆள் ஏறிய பிறகு ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வேகமானதையே வாங்கினால் என்ன?" என்றால், ஏற்றத்தில் திண்டாடுவீர்கள். அதிவேக மோட்டாரை மெதுவாகச் சுற்ற வைத்தால் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகப் போகும். மேடு அதிகமுள்ள பாதைக்குக் குறைந்த ஆர்பிஎம் மோட்டாரே சரி.

படி 5: இப்போது வாட்

பெட்டியில் 250, 350, 500 என்று எழுதியிருப்பது, அந்த மோட்டார் சூடேறிக் கெடாமல் தொடர்ந்து தாங்கும் அளவு. உண்மையில் எவ்வளவு எடுக்கும் என்பதை முடிவு செய்வது பேட்டரி வோல்ட்டும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரின் ஆம்பியரும். 36 வோல்ட் பேட்டரி, 15 ஆம்பியர் கன்ட்ரோலர் என்றால் 540 வாட். மேலே ஒட்டியிருப்பது 250 ஆகவே இருந்தாலும் சரி. சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் பதிவு இல்லாமல் ஓட்ட 250 வாட், மணிக்கு 25 கி.மீ. என்பதுதான் கணக்கு. உங்கள் ஊரில் என்ன விதி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாட்டை விட டார்க்கை, அதாவது முறுக்கு பலத்தை, கேளுங்கள். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைப்போம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் சரிவில் புவியீர்ப்பு மட்டும் சுமார் 98 நியூட்டன் பின்னால் இழுக்கும். 40 நியூட்டன் மீட்டர் மோட்டாரை 26 அங்குலச் சக்கரத்தில் கோத்தால், ஆரம் 0.33 மீட்டர், ஆகவே 121 நியூட்டன் தள்ளும். தாராளம் என்று சொல்ல முடியாது, ஆனால் நீங்களும் மிதித்தால் ஏறிவிடும். அதே மோட்டார் 20 அங்குல மடக்கு சைக்கிளில் 165 நியூட்டனுக்கு மேல் தள்ளும். சின்னச் சக்கர சைக்கிளுக்குப் பெரிய மோட்டார் தேவையில்லை என்று சொல்வது இதனால்தான்.

படி 6: பேட்டரி

வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வாட் அவர். 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் என்றால் 360. கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்கு 10 வாட் அவர் அளவில் செலவாகும். த்ராட்டில் மட்டும் என்றால் 15-ஐத் தாண்டும். முழுதாக வடிய விடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்தால் மிதித்து ஓட்டி 30 கி.மீ. கிடைக்கும்.

பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை, அதாவது பிஎம்எஸ், தொடர்ந்து தரும் ஆம்பியர் கன்ட்ரோலர் கேட்பதை விட அதிகமாக இருக்க வேண்டும். 15 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 20 ஆம்பியர் பிஎம்எஸ். இது பொருந்தவில்லை என்றால் ஏற்றத்தின் நடுவில் எல்லாம் அணைந்துவிடும். சார்ஜரும் அதற்கென்று உள்ளதாக இருக்க வேண்டும்: 36 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரிக்கு 42 வோல்ட், 48-க்கு 54.6. பிளக் ஒரே மாதிரி இருக்கிறது என்று மாற்றிச் செருகினால் தீ விபத்து வரை போகும். மற்றதில் எல்லாம் சிக்கனம் பார்க்கலாம், பேட்டரியில் மட்டும் வேண்டாம். செல் எந்த நிறுவனத்துடையது என்று சொல்ல மறுக்கும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

படி 7: டார்க் ஆர்மும் வாஷரும்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. கிட்டோடு வரும் தாளில் ஒரு சின்னப் படம் மட்டும்தான் இருக்கும்.

மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றும்போது அதே பலத்தோடு ஆக்சிலைப் பின்னோக்கித் திருகப் பார்க்கும். சாதாரண சக்கரத்தின் ஆக்சிலுக்கு இந்த வேலையே கிடையாது, அது எடையைத் தாங்கினால் போதும். அதனால் பிளவுகளும் அதற்கேற்றபடிதான் செய்யப்பட்டவை. 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு 10 மி.மீ. அகலத் தட்டையின் ஓரங்களில் இறங்கினால் 4000 நியூட்டன் ஆகும், ஏறக்குறைய 400 கிலோ எடை. இரும்பு தாங்கிவிடும். அலுமினியப் பிளவு ஒவ்வொரு முறை த்ராட்டில் திருகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். ஒருநாள் ஆக்சில் சுழன்று, மோட்டார் ஒயரை முறுக்கி அறுத்துவிட்டு வெளியே வந்துவிடும்.

டார்க் ஆர்ம் என்பது ஆக்சிலின் தட்டையைக் கவ்விக்கொண்டு ஃபிரேமோடு கட்டப்படும் இரும்புத் துண்டு. அதன் நீளம் 10 செ.மீ. என்றால் அதே முறுக்கு அந்த முனையில் 400 நியூட்டன்தான். ஒரு நல்ல கிளாம்ப் அதைப் பிடித்துவிடும். ஆக்சிலுக்கும் ஆர்முக்கும் நடுவே ஆட்டம் இருக்கக் கூடாது. பிரேக்கில் மின்சாரம் திரும்பும் நேரடி மோட்டாரில் முறுக்கு இரண்டு திசையிலும் மாறி மாறி வரும் என்பதால் இரு பக்கமும் ஒவ்வொன்று போடுங்கள். கிட்டோடு இலவசமாக வரும் மெல்லிய தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 5 மி.மீ. தடிமனுக்குக் குறையாத ஒன்றை வாங்குவது என் வழக்கம்.

அப்புறம் வாஷர். பல முன் ஃபோர்க்குகளில் பிளவைச் சுற்றி வெளிப்பக்கம் உயர்ந்த விளிம்பு ஒன்று இருக்கும். விரைவுப் பூட்டு தளர்ந்தாலும் சக்கரம் விழாமல் பிடிப்பதற்காக வைத்தது. மோட்டாரோடு வரும் அகலமான வாஷர் அந்தக் குழிக்குள் இறங்காமல் விளிம்பின் மேலேயே ஏறி நிற்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுகியது போலத்தான் தெரியும். ஆனால் ஓரம் மட்டும்தான் பிடித்திருக்கும். ஓட்ட ஓட்ட விளிம்பு நசுங்கி நட்டு தளரும். குழிக்குள் அடங்கும் அகலத்தில், குழியின் ஆழத்துக்குச் சமமான தடிமனில், பிறை வடிவ வாஷர் ஒன்றை முதலில் போட்டு அதன் மேல் மற்றவற்றை அடுக்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண வாஷரை ராவிச் செய்துகொள்ளலாம். நட்டை 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். இதற்குத் திருகு பலம் காட்டும் டார்க் ரெஞ்ச்தான் சரி. முனை திறந்த ஸ்பேனர் நட்டின் மூலையைத் தின்றுவிடும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

படி 8: கன்ட்ரோலரும் டிஸ்பிளேயும்

இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே வகையாக வாங்குங்கள். பிளக் பொருந்தினாலும் இரண்டும் பேசும் முறை வேறாக இருந்தால் திரை எரியும், மோட்டார் சுற்றாது. மின்சாரத்தைச் சீரான அலையாகத் தரும் சைன் அலை கன்ட்ரோலரில் சத்தம் குறைவு, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அதுவே மேல். பெடல் சென்சாரில் மிதிக்கும் பலத்தை அறிவது சுகமாக இருக்கும். ஆனால் முதல் கிட்டுக்கு, மிதிப்பதை மட்டும் அறியும் காந்த வளையமே போதும்.

பிற்சேர்க்கை

மாட்டி முடித்தபின் மோட்டார் சத்தம் கேட்கிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் ஒயர்கள் மாறி இணைந்திருக்கலாம். அப்படியானால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றும், உள்ளிருக்கும் கிளட்ச் விட்டுக்கொடுக்கும். மோட்டார் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் அந்த ஒயர் இணைப்புகளைச் சரிபாருங்கள்.

ஹைட்ராலிக் பிரேக் இருப்பவர்கள், கிட்டோடு வரும் பிரேக் லீவரைப் போட முடியாது. இருக்கிற லீவரில் ஒட்டும் காந்த சென்சார் தனியாகக் கிடைக்கும். அந்த இணைப்பே இல்லாமல் ஓட்டாதீர்கள். மிதிப்பதை நிறுத்தியும் மோட்டார் ஒரு நொடி தள்ளும். பிரேக் பிடித்ததும் மின்சாரம் நின்றாக வேண்டும்.

ஸ்போக்ஸ் தளர்கிறது என்ற புகாருக்கு: மலிவான கிட்டுகளில் 12 கேஜ் தடிமனான கம்பி வரும் (கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும்). அதிக பலம் என்று விளம்பரம் செய்வார்கள். கம்பி தடிமனாக இருந்தால் ரிம் தாங்கும் இழுவிசைக்குள் அது போதிய அளவு நீளாது. அதனால் சீக்கிரம் தளரும். 13 அல்லது 14 கேஜ் கம்பியில் கோத்த சக்கரமாகக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், புதிதில் அடிக்கடி கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாக வருவதை இறுக்கிவிடுங்கள்.